தொப்பூர் சொன்ன ‘இல்லை’

அந்தத் தாளில் மொத்தமே மூன்று வரிதான் இருந்தது. ஒரு மனுஷனைக் குழியில் தள்ள அதுவே போதும் போலிருக்கிறது என்று நினைத்தபோது நிர்மலாதேவிக்கு வாயெல்லாம் கசந்தது.

முதல் வரி, தேடிய கோப்பு: ஒன்பதாம் தேதி, தர்மன் ஓட்டிய லாரியின் பிரேக் சோதனை வீடியோ. இரண்டாவது வரி, தொப்பூர் யார்டு கம்ப்யூட்டரைக் கேட்ட நேரம்: பத்தாம் தேதி காலை 10 மணி 14 நிமிடம் 2 விநாடி, பதில் வந்த நேரம்: 10 மணி 14 நிமிடம் 32 விநாடி. மூன்றாவது வரி: இல்லை.

கீழே லாரி கம்பெனியின் முத்திரை. அதற்கும் கீழே, கம்ப்யூட்டர் பிரிவு, சிவக்குமார் என்று ஒரு கையெழுத்து.

“இது நகல்தாங்க மேடம். அசலு போலீஸ் கேஸ் கட்டுல இருக்குது” என்றாள் எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த சுகுணா. தர்மனின் மனைவி. கடத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, தருமபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே தையல் கடை மாடியில் இருக்கும் இந்தத் துப்பறியும் ஆபீஸ் திறக்கும்வரை படியிலேயே காத்திருந்திருக்கிறாள்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால், ஒன்பதாம் தேதி சாயங்காலம், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தர்மனின் லாரி கட்டுப்பாடு இழந்து ஒரு காரின் மேல் ஏறியது. காரில் இருந்த பாப்பாரப்பட்டிக் குடும்பத்தில் மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். தர்மனுக்கு இடது கால் முறிந்தது. ஜாமீனில் வந்து கட்டையை ஊன்றிக்கொண்டு நடக்கிறான்.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. கணவாய் இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு லாரியும் தொப்பூரில் கம்பெனி லாரி நிறுத்தும் யார்டில் நின்றாக வேண்டும். மெக்கானிக் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, காற்று அழுத்தம் காட்டும் மீட்டரை வீடியோ எடுப்பான். அந்த வீடியோ யார்டு கம்ப்யூட்டரில் ஏறும். அப்புறம்தான் வண்டி இறங்கலாம்.

தர்மன் சொல்வது, “நிறுத்துனேன். ஏர் ஏறல. வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டேன். போன்ல மேனேஜரு காளியப்பன் போகச் சொன்னாரு.” கம்பெனி சொல்வது, “அவன் யார்டுக்குள்ளேயே வரவில்லை. டீசல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு போனான். நின்றிருந்தால் வீடியோ இருக்குமே? இல்லையே!” யார்டில் வீடியோ எடுக்கிற மெக்கானிக் மறுநாளே வேலையை விட்டுப் போய்விட்டான். எந்த ஊர்க்காரன் என்று கம்பெனிக்கே தெரியாதாம். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு?

“நியூட்ரல் போடறது நம்ம டிரைவருங்க கூடவே பொறந்த வியாதி மேடம்” என்றார் ஜன்னலோரம் நின்றிருந்த ஹயாத் பாஷா. முப்பது வருடம் லாரி ஓட்டிவிட்டு, முதுகு போனதும் நிர்மலாதேவியிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். முதுகுதான் போனது, வாய் போகவில்லை. “நானும் போட்டவன்தான். டீசல் மிஞ்சும். ஆளு மிஞ்ச மாட்டான்.”

சுகுணா தலையைக் குனிந்துகொண்டாள். நிர்மலாதேவி பாஷாவை முறைத்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி பஸ்களை எண்ண ஆரம்பித்தார்.

“நீ உன் வூட்டுக்காரரை நம்பறியா சுகுணா?”

“சிவா என் கூடப்பொறந்த தம்பிங்க மேடம். அந்தக் கையெழுத்து அவனோடதுங்க. அவன் எதுக்குங்க பொய் சொல்லப் போறான்? அவன் அக்கா தாலிதானே அந்தத் தாள்ல இருக்குது? அதனால… இவருதான் பயந்துக்கிட்டு மாத்திப் பேசறாருன்னு நெனச்சேன். ஒத்துக்கோங்க, தண்டனை கொறையும், இவருக்குன்னு கம்பெனியே வெச்சுக் குடுத்த வக்கீலும் அதைத்தானே சொல்றாருன்னு மூணு மாசமா நச்சரிச்சேன். நேத்து ராத்திரி, சரி ஒத்துக்கறேன்னுட்டாரு.”

“அப்புறம் எதுக்கு இங்க வந்தே?”

“சண்டை போட்டிருந்தா வந்திருக்க மாட்டேங்க. ஒத்துக்கறேன்னு சொல்லிட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாரு பாருங்க, விடியற வரைக்கும் நான் கண்ணை மூடலீங்க.”

இன்றைக்கு மதியம் இரண்டரைக்குக் கோர்ட்டு. குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்பார்கள். தர்மன் தலையாட்டினால் எல்லாம் முடிந்தது. சுவரில் கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டியது.

நிர்மலாதேவி மறுபடியும் தாளைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் பழுது பார்க்கும் பிரிவில் குப்பை கொட்டியவள் அவள். ஆயிரம் பேரின் ‘போன் வேலை செய்யல’ புகாரைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்தவள். அவளுடைய விரல் இரண்டாவது வரியில் போய் நின்றது.

“பாய், உங்க பீரோவுல வெள்ளைச் சட்டை இருக்கான்னு பாத்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?”

“இருக்கறதே ரெண்டு சட்டை மேடம். பீரோவைத் தொறக்காமலே சொல்லுவேன்.”

“கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஒரு கோப்பு இருக்கா இல்லையான்னு சொல்ல அதுக்கு ஒரு விநாடி தாராளம். இங்க முப்பது விநாடி ஆகியிருக்கு. இருபத்தொன்பதும் இல்ல, முப்பத்தொண்ணும் இல்ல. கச்சிதமா முப்பது.”

“யோசிச்சுச் சொல்லியிருக்கும்.”

“மெஷின் யோசிக்காது பாய். காத்திருக்கும். இத்தனை நேரம் காத்திருன்னு யாரோ ஒரு அளவு வெச்சிருக்காங்க. நான் வேலை பார்த்த இடத்துல தெனம் பாத்தது இது. வூட்டுல ஒருத்தர் போனை எடுத்து ‘அவரு இல்லீங்க’ன்னு சொல்றது ஒண்ணு. மணி அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போறது இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணுன்னு எழுதி வெச்சா அவனை வேலையை விட்டே தூக்கணும்.” அவள் தாளை மேஜை மேல் தட்டினாள். “தொப்பூர் ‘இல்லை’ன்னு சொல்லல. தொப்பூர் வாயையே தொறக்கல.”

சுகுணா மெல்ல நிமிர்ந்தாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் நிர்மலாதேவிக்குப் பகீரென்றது. நம்பிக்கை கொடுப்பது சுலபம், திருப்பி வாங்குவது பாவம்.

“பாய், தொப்பூர்ல உங்களுக்கு யாரைத் தெரியும்?”

“யாரைத் தெரியாதுன்னு கேளுங்க” என்று பாஷா போனை எடுத்தார். கணவாய் ரோட்டில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் பழைய சிநேகிதர் ஒருவர் கிடைத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

“பத்தாந்தேதியா? அந்த ஆக்சிடென்ட்டுக்கு மறுநாளுதானே பாய்? மறப்பனா? மாசாந்திரக் கரண்ட் கட்டு. காலைல ஒம்போதுக்குப் போச்சு, சாயந்திரம் அஞ்சுக்குத்தான் வந்துச்சு. செத்த எடத்தை வேடிக்கை பாக்க வந்த சனமெல்லாம் கடையில வந்து குந்திக்கிச்சு, சட்னி அரைக்க வழியில்ல. நல்ல யாவாரம் கெட்டுப் போச்சு போ!”

பாஷா போனை வைத்தார். “மனுசன் செத்திருக்கான், இவருக்கு யாவாரம் கெட்டுப் போச்சாம். நல்லா இருப்பாங்க.”

“பத்து மணி பதினாலு நிமிஷத்துக்குத் தொப்பூர் யார்டுல கரண்டே இல்ல. செத்துக் கெடந்த மெஷினைக் கேட்டுட்டு, பதில் வரலைன்னதும் ‘இல்லை’ன்னு அச்சடிச்சுக் குடுத்திருக்காங்க.” நிர்மலாதேவி எழுந்தாள். “சுகுணா, நீ நேரா கோர்ட்டுக்குப் போய் உன் வூட்டுக்காரர் பக்கத்துல இரு. நான் போன் பண்றவரைக்கும் அவரு எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம். பாய், வண்டிய எடுங்க.”

*

லாரி கம்பெனி பைபாஸ் ரோட்டில் இருந்தது. காளியப்பன் வாசலிலேயே வரவேற்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் இரண்டு போன். நிர்மலாதேவி ஏற்கனவே போனில் சொல்லியிருந்ததால் வழியை மறிக்கவில்லை.

“தாராளமா பாருங்கம்மா. எங்ககிட்ட ஒளிவு மறைவே கெடையாது. பாவம் அந்தப் பொண்ணு, நம்ம சிவாவோட அக்கா. எனக்கும் வருத்தந்தான். ஆனா வண்டிய நியூட்ரல்ல உட்டவனுக்கு நாம என்ன பண்ண முடியும், சொல்லுங்க?”

“ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அதைத்தான் நீங்க பண்ணிட்டு இருக்கீங்க” என்றாள் நிர்மலாதேவி.

மாடியில் ஒரு சின்ன அறையில் இருந்தான் சிவக்குமார். இருபத்தேழு வயதிருக்கும். அக்காவின் அதே மூக்கு, அதே மெலிவு. எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தான். இவ்வளவு மரியாதையான பிள்ளையின் மேல் கோபப்பட அவளுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

“தம்பி, அந்தக் கோப்பு இருக்கான்னு எப்படிப் பார்த்தே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டுங்க மேடம். நாம ஒவ்வொண்ணா டைப் அடிக்கிற கட்டளையை வரிசையா எழுதி வெச்சிருக்கோம், அவ்வளவுதான். அது இங்கருந்து தொப்பூர் மெஷினுக்குள்ள போகும். நாம சொல்ற பேர்ல கோப்பு இருக்கான்னு பாக்கும். ஒரு நம்பரோட திரும்பி வரும்.”

“பூஜ்யம்னா இருக்கு. வேற எது வந்தாலும் இல்லை. அப்படித்தானே எழுதியிருக்கே?”

அவன் சற்றே புன்னகைத்தான். “இல்லீங்க மேடம். பாருங்க.” திரையை அவள் பக்கம் திருப்பினான். “பூஜ்யம்னா இருக்கு. ஒண்ணுன்னா இல்ல. எரநூத்தி அம்பத்தஞ்சுன்னா, தொப்பூருக்குப் போய்ச் சேரவே முடியலைன்னு அர்த்தம். மூணு பதிலும் தனித்தனியா வெச்சிருக்கேன்.”

நிர்மலாதேவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். பிள்ளை சொன்னது சரிதான். மூன்றும் இருந்தன. காலையில் கட்டிய கோட்டை பொலபொலவென்று சரிந்தது.

“இப்ப ஓட்டிக் காட்டு.”

ஓட்டினான். இந்தப் பக்கம் தட்டினான், அந்தப் பக்கம் பதில் வந்தது. ஒரு விநாடிகூட ஆகவில்லை. இல்லை.

“எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கலாம் மேடம்” என்றான், திரையைப் பார்த்தபடியே.

“வேற வண்டியோட வீடியோவைக் கேளு.” கேட்டான். இருக்கிறது. இன்னொன்று. இருக்கிறது. தர்மனின் வண்டியை மறுபடியும் கேட்கச் சொன்னாள். இல்லை. இதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. மெஷின் நன்றாக விழித்திருந்தது, கேட்டதற்குப் பதில் சொன்னது, அந்தக் கோப்பு அங்கே இல்லை.

*

கீழே எதிர்ப்புற டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டே கால். சுகுணாவிடமிருந்து போன் வந்தது.

“மேடம், கம்பெனி வக்கீல் வந்துட்டாருங்க. என்ன கேப்பாங்க, எப்படிச் சொல்லணும்னு இவருக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருக்காரு. இவரு பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டம் தலையாட்டிட்டு இருக்காருங்க. நான் என்னங்க பண்ணட்டும்?”

“இரு” என்று மட்டும் சொல்லி வைத்தாள். வேறு என்ன சொல்ல? காலையில் வாய்ச்சவடால் விட்டாயே, இப்போது சொல் பார்க்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“வடை சாப்பிடுங்க மேடம்” என்றார் பாஷா. “தோத்தாலும் சோத்தை விடக்கூடாது.”

“வேண்டாம்.”

“அப்ப நான் சாப்பிடறேன். எனக்கென்ன துக்கமா?” ஆனால் அவரும் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “எனக்கு ஒண்ணுதான் மேடம் புரியல. இவ்வளவு நல்ல ஸ்கிரிப்ட்டு, மூணு பதிலு தெரிஞ்ச ஸ்கிரிப்ட்டு, அன்னிக்குக் கரண்ட் இல்லாதப்ப மட்டும் ‘போய்ச் சேரல’ன்னு சொல்லாம ஏன் ‘இல்லை’ன்னு சொல்லுச்சு? அதுக்கும் மாமூல் குடுத்துட்டாங்களா?”

நிர்மலாதேவி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி டீ பெஞ்சில் கொட்டியது.

“பாய்! உங்க வாயை எத்தனை நாள் சபிச்சிருக்கேன்! அத்தனையும் வாபஸ்!”

“என்ன மேடம் ஆச்சு?”

“அன்னிக்கு ஓடுனது இந்த ஸ்கிரிப்ட் இல்ல. அன்னிக்கு இருந்ததுக்கு ரெண்டு பதில்தான் தெரியும். மூணாவது பதிலை அதுக்கு அப்புறம் யாரோ சேத்திருக்காங்க. எப்போ சேத்தான்? ஏன் சேத்தான்? சேத்தவன் அதை நம்மகிட்ட ஏன் சொல்லல?”

பாஷா வடையைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தார்.

*

அவர்கள் திரும்பி வந்ததைப் பார்த்ததும் சிவக்குமார் எழுந்தான். இந்தத் தடவை நாற்காலியைத் துடைக்கவில்லை.

“தம்பி, இந்த ஸ்கிரிப்ட்டைக் கடைசியா எப்ப திருத்தினேன்னு மெஷினே காட்டுமில்ல? அதைக் காட்டு.”

அவன் கை கீபோர்டு மேல் அசையாமல் நின்றது. “அது… சும்மா ஒரு சின்னத் திருத்தம்தாங்க.”

“காட்டு.”

காட்டினான். பதினோராம் தேதி, காலை 11 மணி 5 நிமிடம். போலீசுக்குத் தாள் கொடுத்ததற்கு மறுநாள்.

“ஆக, பத்தாந்தேதி குடுத்த ‘இல்லை’ வெத்து ‘இல்லை’ன்னு பதினோராந்தேதியே உனக்குத் தெரிஞ்சு போச்சு.” நிர்மலாதேவியின் குரல் உயரவில்லை. “தொப்பூர்ல கரண்ட் இல்லாம இருந்த சங்கதி காதுல விழுந்திருக்கும். அடடான்னு ஓடி வந்து திருத்தியிருக்கே. நல்ல வேலைக்காரன்தான் நீ. பூட்டு ரிப்பேர் பண்ணவன் சாவியைப் போட்டு ஒரு தடவையாவது திருகிப் பாப்பானா மாட்டானா?”

அவன் மேஜை மேலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தான்.

“திருத்தி முடிச்சதும் முதல்ல எதைக் கேட்டே தம்பி?”

நிர்மலாதேவி நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். “தொப்பூர் மெஷின்ல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கில்ல? எது எது கடைசியா எப்ப மாறுச்சுன்னு வரிசையா காட்டு.”

ஏழாம் தேதி ஃபோல்டர், ஏழாம் தேதி ராத்திரியோடு சரி. எட்டாம் தேதி ஃபோல்டர், எட்டாம் தேதி ராத்திரியோடு சரி. அந்தந்த நாளின் கடைசி வண்டியோடு கதவு சாத்தியது போல எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒன்பதாம் தேதி ஃபோல்டர் மட்டும் பதினோராம் தேதி மாறியிருந்தது. காலை 11 மணி 20 நிமிடம்.

“ஸ்கிரிப்ட்டைத் திருத்தினது பதினொண்ணு அஞ்சு. பழைய நாள் ஃபோல்டர் மாறுச்சுன்னா உள்ளருந்து ஏதோ போயிருக்கணும். அந்தக் கோப்பு கொறைஞ்சது பதினொண்ணு இருபது. நடுவுல கால் மணி நேரம்.”

“காளியப்பன்!” என்று பல்லைக் கடித்தார் பாஷா. “சந்தனத்தைப் பாத்தப்பவே நெனச்சேன். வந்து ஒக்காந்து அழிச்சிருக்கான் பாருங்க!”

“அவருக்கு ஏ.சி. ரிமோட்டே அமுக்கத் தெரியாதுங்க” என்றான் சிவக்குமார்.

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. பாஷாவின் வாய் திறந்தபடி நின்றது. சிவக்குமார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“பூஜ்யம்னு வந்துச்சுங்க மேடம். திருத்திட்டுக் கேட்டதும் பூஜ்யம்னு வந்துச்சு. கோப்பு இருந்துச்சு. தொறந்து பாத்தேன்.”

“என்ன இருந்துச்சு?”

“மாமா வண்டிக்குள்ள இருக்காரு. மீட்டரைக் கை காட்டறாரு. முள்ளு ஏறவே இல்லீங்க. மெக்கானிக் போன்ல சொல்றான். மேனேஜர் குரல் நல்லாக் கேக்குது, லோடு காலையில சேரணும், மெதுவா எறக்கச் சொல்லுன்னு. மாமா வேணாங்க, வேணாங்கன்னு ரெண்டு கையையும் கூப்பறாரு. அதோட முடிஞ்சிடுதுங்க.”

தர்மன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் கூடுதலில்லை, குறைவில்லை.

“காளியப்பன் அழிக்கச் சொன்னானா?”

“அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க. நான் இல்லைன்னு தாள் குடுத்ததும், சபாஷ்டான்னு முதுகுல தட்டிக் குடுத்தாரு. மறுநாள் போய், நான் தப்பா எழுதிட்டேன் சார், பதிலே வராம இல்லைன்னு எழுதிட்டேன்னு எப்படிங்க சொல்றது? அதுவும் போலீசுக்குக் குடுத்தாச்சு. எம்.சி.ஏ. படிச்சுட்டு மூணு வருஷம் அக்கா வூட்டுலயே ஒக்காந்து சாப்பிட்டவன் மேடம் நான். இதே மாமாதான் மேனேஜர் கால்ல விழாத கொறையா கேட்டு இங்க சேத்து விட்டாரு. இந்த வேலையும் போச்சுன்னா…” அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “அதை அழிச்சுட்டா நான் எழுதினது உண்மையாயிடும்னு தோணுச்சுங்க. ஒரே ஒரு வரி. அடிச்சுட்டேன்.”

நிர்மலாதேவி எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறாள். ஆசைக்குத் திருடியவன், பழிக்குத் திருடியவன், பசிக்குத் திருடியவன். தன் தப்பை மறைக்கச் சோறு போட்டவன் வாழ்க்கையை அழித்துவிட்டு, மூன்று மாதம் தலை வாரி, சட்டை போட்டு, வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒருவனை இப்போதுதான் பார்க்கிறாள். கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள்.

“நகல் எங்கயாவது வெச்சிருக்கியா?”

“இல்லீங்க.”

“உண்மையைச் சொல்லு.”

“சத்தியமா இல்லீங்க மேடம். நானும் எத்தனையோ தடவை மீட்டுப் பாத்தேன். அந்த எடத்துல புது வீடியோ ஏறி அதை மூடிடுச்சு.”

“அப்ப அந்த வீடியோவைப் பாத்த கண்ணு ரெண்டே ரெண்டுதான் பாக்கி. அதுவும் உன் மூஞ்சியில இருக்கு.” அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “எழுந்திரு. கோர்ட்டுக்குப் போகலாம்.”

“ஜெயில்ல போட்டுருவாங்களே மேடம்!”

“ஆமா, போடுவாங்க. உன் மாமன் போகலாம், நீ போகக்கூடாதா?”

பாஷா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “வா தம்பி. பயந்தா நானும் கூடவே வரேன், படி வரைக்கும். இறங்கற வழியில பிரேக்கு பிடிக்குது, கவலைப்படாதே.”

காரில் போகும்போதே நிர்மலாதேவி தனக்குத் தெரிந்த வக்கீல் லூர்துமேரியைக் கூப்பிட்டு, கம்பெனி வக்கீலை விலக்கிவிட்டு தர்மனுக்காக ஆஜராகச் சொன்னாள். ஸ்கிரிப்ட் திருத்திய நேரம், ஃபோல்டர் மாறிய நேரம் இரண்டையும் அச்சடித்து சிவக்குமாரிடமே கையெழுத்து வாங்கிப் பையில் வைத்திருந்தாள்.

*

கோர்ட்டு வராந்தாவில் மரப் பெஞ்சில் தர்மன் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது ஆள், அறுபது மாதிரி இருந்தான். ஊன்றுகட்டை மடியில் கிடந்தது. பக்கத்தில் சுகுணா. மணி இரண்டு ஐந்து.

தம்பி பாஷாவின் பின்னால் வருவதைப் பார்த்ததும் சுகுணாவின் முகம் மலர்ந்தது. “சிவா, நீயும் வந்துட்டியா? வா, வா.”

அவன் வந்து நின்றான். சொன்னான். ஐந்தாறு வாக்கியம்தான். கடைசி வாக்கியம் சரியாகக் கேட்கவில்லை, ஆனால் அதற்குள் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது.

சுகுணா அழவில்லை. கையை ஓங்கவும் இல்லை.

“பதினோராந்தேதியா அழிச்சே?”

“ஆமாக்கா.”

“அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரிலருந்து நான் வூட்டுக்கு வந்தப்ப நீதானே இருந்தே? அழாதக்கா, சாப்பிடுன்னு சோறு போட்டுக் குடுத்தியே? நீயும் எம் பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்டியே? அப்ப அழிச்சாச்சா?”

“அழிச்சாச்சுக்கா.”

“எப்படிடா எறங்குச்சு?”

லூர்துமேரி கறுப்பு கவுனைச் சரிசெய்துகொண்டே வேகமாக வந்தாள். வக்காலத்தில் தர்மனின் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். சிவக்குமாரின் முழங்கையைப் பிடித்து, “நீ என்கூடவே இரு. எங்கயும் போகக்கூடாது” என்றாள். தள்ளி நின்றிருந்த கம்பெனி வக்கீல் சத்தமில்லாமல் போனை எடுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

“தர்மன்! தர்மன்!” என்று கோர்ட்டு வாசலில் நின்ற டவாலி கூப்பிட்டான்.

தர்மன் எழுந்தான். சுகுணா பதறிப் போய் ஊன்றுகட்டையை எடுத்து நீட்டினாள்.

“ஒத்துக்காதீங்க. நீங்க யார்டுல நிறுத்துனது நெசந்தாங்க! நெசந்தாங்க!”

அவன் கட்டையை வாங்கி ஊன்றிக்கொண்டான். “நான் நிறுத்துனது எனக்குத் தெரியாதா சுகுணா? நான்தானே நிறுத்துனேன்” என்றான். கோபமில்லை, சலிப்புகூட இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, மச்சானைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், உள்ளே போனான்.

லூர்துமேரியும் சிவக்குமாரும் பின்னாலேயே போனார்கள். சுகுணாவால் வாசலைத் தாண்ட முடியவில்லை. உள்ளே குற்றச்சாட்டைப் படிக்கும் குரல் கேட்டது. ஒத்துக்கொள்கிறாயா என்ற கேள்வி கேட்டது. அப்புறம் தர்மனின் குரல், “நான் பண்ணலீங்கய்யா. நான் நிறுத்தி, வேணாம்னு சொன்னேனுங்க.”

நிர்மலாதேவி நீண்ட மூச்சு விட்டாள். இனி வழக்கு நடக்கும், இழுக்கும், ஜெயிக்கவும் வாய்ப்புண்டு. “போதும்மா, இனிமே லூர்துமேரி பாத்துப்பாங்க. சாயந்திரம் அவரைக் கூட்டிக்கிட்டு வூட்டுக்குப் போ” என்று சுகுணாவின் தோளைத் தொட்டாள்.

சுகுணா கதவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு மாசமா இதையேதானுங்க எங்கிட்டயும் சொன்னாரு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மேடம் அவரை வூட்டுக்குக் கூப்பிடுவேன்?”